செயின் செட்டுக்கு காசு வாங்கிட்டு ஃப்ரீவீல மாத்தாம விட்டது பத்தி புகார்

வணக்கம் சார்,

பினாங்கு ஜார்ஜ்டவுன்ல இருக்குற உங்க சர்வீஸ் கடையில அப்பாவோட சைக்கிள விட்டிருந்தோம், லிட்டில் இந்தியாவுல கடை கடையா பூமாலை கொண்டு போய் குடுக்குற சைக்கிள், கியர் எதுவும் கிடையாது, பழைய இரும்பு வண்டி. பில்லுல செயின் செட் மாத்தி அட்ஜஸ்ட் பண்ணதா போட்டு 95 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியிருக்கீங்க. மாத்துனது செயின் மட்டும்தான். செட்டுல சேர்ந்த ஃப்ரீவீல், அதான் பின் வீல்ல இருக்குற பல்சக்கரம், அதே பழசு, பல்லெல்லாம் கொக்கி மாதிரி ஒரு பக்கமா வளைஞ்சு நிக்குது, போட்டோ இணைச்சிருக்கேன் பாருங்க. தேஞ்ச பல்லுல புது செயின் உக்காராது, பாரத்தோட எழும்பி மிதிச்சா கடக்குனு தாண்டுது.

டைட் வெச்ச விதம் அதவிட மோசம். செயினோட நடுவுல விரல வெச்சா மேலயும் கீழயுமா சேத்து அரை இஞ்சாவது ஆடணும், இது அசையவே இல்ல. பெடல மெதுவா ஒரு முழு சுத்து சுத்துனா சில எடத்துல டைட்டாவும் சில எடத்துல லூசாவும் வரும், முன்னாடி பல்சக்கரம் அச்சு பிசகாத வட்டமா இருக்காது இல்ல, அதனால ரொம்ப டைட்டா வர்ற எடத்துலதான் அந்த அரை இஞ்ச பாக்கணும். உங்க ஆளு லூசா இருந்த எடத்துலயே முறுக்கிட்டாரு போல. அதுலயும் ஒரு பக்க நட்ட மட்டும் இழுத்ததுல பின் வீல் கோணலாகி ஃப்ரேம்ல ஒரசுது. கடல் காத்துக்கு துரு பிடிக்காதுன்னு கெட்டி கிரீஸ அப்பி விட்டிருக்கீங்க, ரோட்டு மண்ணு பூரா அதுல ஒட்டி அரைக்குது.

எனக்கு கோவம் வந்தது செயினோட ரெண்டு முனையையும் சேக்குற கிளிப்ப, அந்த செயின் லாக்க பாத்துதான். கிளிப்போட மூடுன பக்கம் செயின் ஓடுற திசைய பாத்து இருக்கணும், நீங்க திருப்பி மாட்டியிருக்கீங்க. சூலியா ஸ்ட்ரீட் சிக்னல்ல கிளிப் கழண்டு செயின் விழுந்துருச்சு, பின்னாடி பஸ்ஸு, அப்பாவுக்கு 60 வயசு தாண்டிருச்சு, கால ஊனி நின்னதால தப்பிச்சாரு.

கவுண்டர்ல கேட்டா புது செயின்னா அப்படித்தான், ஓட ஓட சரியாயிடும்ங்கறாங்க. இவ்வளவு டைட்ல ஓட ஓட பேரிங்குதான் போகும்.

பில்லுல போட்டபடி ஃப்ரீவீல மாத்தி, வீல நேராக்கி, லாக்க சரியா மாட்டிக் குடுங்க, இல்லேன்னா முழு காசையும் திருப்பிக் குடுங்க. சேவைய கவனமா, திறமையா செஞ்சு தரணும்னு 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது. பதில் வரலேன்னா 5 வெள்ளி கட்டி பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல மனு போடுவோம். வெள்ளிக்கிழமை கோயில் ஆர்டர் நெறைய இருக்கு, அதுக்குள்ள ஆள அனுப்பி வண்டிய எடுத்துட்டுப் போங்க.