கமெலானுக்கு மைக் எத்தனை?

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக இசை ஆய்வாளர்களே வாசித்த ஜாவா கமெலான் (இந்தோனேசியாவின் வெண்கல வாத்தியக் குழு இசை) கச்சேரியில் பாட்டும், வில்லால் வாசிக்கும் ரெபாபும் சரியாகக் கேட்கவில்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். இது பெரும்பாலும் வாசிப்பின் குறை அல்ல, ஒலியமைப்பின் குறை. சாரோன், போனாங் முதலிய வெண்கலக் கருவிகளின் நாதம் அரங்கை நிறைக்கத் தானே போதும். ரெபாப், மென்மையாக ஒலிக்கும் உலோகப் பட்டைக் கருவியான கெந்தேர், மூங்கில் குழல், பாடகி ஆகியோருக்கு மட்டுமே மைக் வேண்டும். கருவிக்கொரு மைக் நட்ட மேடைகளில் கெந்தேரின் மெல்லிய ஒலி முற்றிலும் அமுங்கிப்போவதை நேரில் கேட்டிருக்கிறேன். குளிர்சாதன அரங்கில் ரெபாபின் மெல்லிய தோல் இறுக்கம் மாறும். அதை முன்கூட்டியே மேடையில் வைத்து, தொடங்குமுன் வெண்கலத்தோடு சுருதி சேர்க்க வேண்டும். ஒரு கமெலான் செட்டின் சுருதி மற்றொன்றோடு ஒத்துப்போகாது என்பதால், குறைகிற ஒரு சாரோனை வேறிடத்தில் இரவல் வாங்கிச் சமாளிக்கவும் முடியாது.

ஆய்வாளர்கள் மேடையேறினால் விளக்கவுரை நீள்வதும் வழக்கம்தான்! அதற்குப் பதிலாக, 32 அட்சரம் கொண்ட லட்ராங் என்ற தாள வடிவின் ஒரு சுற்றை முதலில் கெனோங், கெம்புல், பெரிய கோங் ஆகிய சேகண்டி வகைக் கருவிகளை மட்டும் வைத்து வாசித்துக் காட்டலாம். கெனோங் எட்டு அட்சரத்துக்கு ஒருமுறை விழும்; கோங் கடைசி அட்சரத்தில்தான் விழும். ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில் சமத்தை எதிர்பார்த்துப் பழகிய நம் காதுக்கு இந்த ஒன்று பிடிபட்டால் போதும். பிறகு மற்ற கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கட்டும். ஏற்பாட்டாளர்கள் அடுத்த கச்சேரியில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

- ஒரு வாசகர், சிங்கப்பூர்