ஊசி போடுமுன் காதையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2014-ல் என் அப்பாவுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். மாதக்கணக்கில் கானாமைசின் ஊசி போட்டார்கள். நாலாவது மாதம், "காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு" என்றார். ஊசி அசதி என்று விட்டுவிட்டோம். ஒருநாள் குக்கர் ஏழெட்டு விசில் அடித்தும், அடுப்படி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. காசநோய் குணமானது, போன செவித்திறன் திரும்பவில்லை.

ஒலியை உணரும் உள்காதின் மயிர்ச்செல்களை இந்த ஊசி அழிக்கக்கூடியது. அவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சு கேட்கிறதே என்று நோயாளியும் கவனிக்க மாட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2019 வழிகாட்டுதலில் கானாமைசினைக் கைவிட்டது. மாத்திரை சிகிச்சை வந்துவிட்டது. சரி, ஆனால் காதைப் பாதிக்கக்கூடிய வேறு மருந்துகள், அதாவது கானாமைசின் வகையைச் சேர்ந்த அமிகாசின், ஜென்டாமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் எல்லாம் இன்றும் புழக்கத்தில் உள்ளன. உயிர் காக்கும் மருந்துகள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் ஊசிக்கு முன்பே உயர் அதிர்வெண் (கீச்சொலி) வரை செவித்திறன் சோதனை செய்து, சிகிச்சை முடியும்வரை அதைத் தொடர வேண்டும். இந்த மருந்துகளை வெளியேற்றும் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தாய்வழியில் யாருக்காவது இப்படி ஊசியால் காது போயிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊசியால் காது பாதிக்கும் அந்தத் தன்மை மரபணு வழியாக வரக்கூடியது. இரைச்சலோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த நாலு வரியை அரசு மருத்துவமனைகள் ஊசிச் சீட்டின் பின்பக்கம் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்