இந்த வருஷம் எங்கள் வகுப்புக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரில், பிள்ளைகளுக்கு நாதஸ்வரமும் தவிலும் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. இங்கே வேலை பார்ப்பவர்கள் ஐந்து பேர்: நாதஸ்வர வாத்தியார், தவில் வாத்தியார், கணக்கு பார்க்கும் அக்கா, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கும் தங்கை ஒருத்தி, அப்புறம் நான்.

மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. வாத்தியார்கள் இருவரும் பரபரப்பில்லாமல் உட்கார்ந்து பேசுவது இந்த ஒரு மாதத்தில்தான். போன வாரம் பிள்ளைகள் கிளம்பிய பிறகு, விரித்த பாயைச் சுருட்டாமல் அப்படியே உட்கார்ந்தோம். இந்த வருஷத்தில் மனசில் நின்றது எது என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொன்னேன். பேச்சு முடிய ராத்திரி ஒன்பதரை ஆகிவிட்டது. சொன்ன ஒவ்வொன்றிலும் உங்களில் யாராவது ஒருவர் இருந்தீர்கள். அதை உங்களிடம் சொல்லாமல் நாங்களே வைத்துக்கொள்வது சரியில்லை என்று தோன்றியது. பேர் போட்டால் பலர் கூச்சப்படுவீர்கள், அதனால் போடவில்லை. படிக்கும்போதே யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் பேசியது கணக்கு பார்க்கும் அக்கா. சித்திரை வெயிலில், ஒரு மத்தியானம், ஒரு அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். கையில் காசித்துண்டில் சுற்றிய நீளமான பொதி. அவர் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் நாதஸ்வரம் வாசித்தவர், தவறி ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பரணில் போட்டு வைத்தால் பூச்சி அரித்துவிடும், யாராவது ஊதட்டும் என்று கொண்டு வந்திருந்தார்.

துண்டைப் பிரித்தால் பாரி நாதஸ்வரம், நீளமான வகை. எண்ணெய் ஊறி ஊறிக் கறுத்துப்போன ஆச்சா மரம். கீழே விரிந்திருக்கும் அணசில் ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளி, அதைச் செருகும் கெண்டை, சீவாளியைச் சரிசெய்யும் ஊசி எல்லாம் கயிற்றில் கோத்தபடி அப்படியே தொங்கின. நாதஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்க ஏழு துளை. அதற்குக் கீழே இருக்கும் துளைகள் சுருதி சேர்க்க. வேண்டியதை மெழுகு வைத்து அடைத்துக்கொள்வார்கள். அதில் மூன்று துளைகளை அந்த வீட்டுக்காரர் அடைத்து வைத்திருந்தார். அந்த மெழுகில் அவர் கட்டைவிரல் ரேகை தெரிந்தது.

நன்கொடையாக வரும் எந்தப் பொருளையும் நாங்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பொருள், தேதி, கொடுத்தவர், மதிப்பு என்று நாலு கட்டம். மதிப்பு என்ன போடட்டும் அம்மா என்று அக்கா கேட்டிருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதை வச்சுத்தான் மூணு பிள்ளைங்களைப் படிக்க வச்சோம். எவ்வளவுன்னு நான் என்னம்மா சொல்ல” என்றாராம். அக்கா பேனாவை மூடிவிட்டார். தணிக்கைக்கு வேண்டும் என்பதால் பிறகு விசாரித்து ஒரு தொகை எழுதினோம். எழுதும்போது கை கூசியது என்றார்.

அன்று சாயங்காலமே எங்கள் பையன் ஒருவன் அதில் வாசித்தான். தன் சுருதிக்காக மெழுகை எடுத்துவிடலாமா என்று வாத்தியார் பார்த்தார், அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை. அதற்கு மேல் அவனுக்கு அப்போது தெரியாது. அந்த அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிளம்பும்போது, “மூச்சு பத்தலை, இவனுக்குச் சாப்பாடு போதாது” என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து மாதம் தவறாமல் அவர் வீட்டிலிருந்து சத்துமாவுப் பொட்டலம் பஸ்ஸில் வருகிறது. அம்மா, பையன் இப்போது வர்ணம் வாசிக்கிறான். மூச்சு தாக்குப்பிடிக்கிறது. பொட்டலத்தைப் பத்திரமாக இறக்கி டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகும் கண்டக்டர் அண்ணன்களுக்கும் எங்கள் நன்றி.

தவில் வாத்தியார் சொன்னது ஐப்பசி மழையை. தவில் வாசிக்கிறவர்களுக்கு மழைக்காலம் பெரிய சோதனை. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். தட்டினால் நனைந்த மண்ணில் அடித்த மாதிரி பொத்தென்று கேட்கும். இப்போது தோலை முறுக்க ஸ்பானரும் போல்ட்டும் வந்துவிட்டன என்றாலும், ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் தோல் கிழியும். மாற்றுவதற்கு ஆகும் செலவை எங்களால் எளிதில் தாங்க முடியாது. இந்த வருஷம் வகுப்பு நடக்கும் தாழ்வாரத்தில் தகரம் ஒழுகி நாலு தவிலும் ஒன்றாக நனைந்தன. வாத்தியாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

டீக்கடை அண்ணே, நீங்கள் அப்போது எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பாய்லருக்குப் பக்கத்துப் பெஞ்சைக் காலி செய்து, “இங்க கொண்டாந்து வைங்க வாத்தியாரே” என்றீர்கள். நாலு தவிலும் அஞ்சு நாள் உங்கள் கடையில் அடுப்புச் சூட்டில் இருந்தன. ஒரு பக்கமே காயாமல் இருக்க மணிக்கு ஒரு தடவை நீங்களே திருப்பி வைத்தீர்கள். டீ குடிக்க வந்தவர்கள் மழையில் சைக்கிள் சீட்டில் சாய்ந்துகொண்டு குடித்தார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. வகுப்பையும் அங்கேயே நடத்தச் சொன்னீர்கள். தவில் இல்லாத வகுப்பு என்றால் வாயால் சொல்வதுதான், கையில் தாளம் போட்டுக்கொண்டு. த தி தொம் நம் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல, லாரி ஓட்டி வந்த ஒருவர் மேஜையில் தாளம் போட ஆரம்பித்து, டீ ஆறிப்போய், இன்னொன்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆறாம் நாள் வாத்தியார் ஒரு தவிலை எடுத்து எங்கள் சின்னப் பெண்ணின் மடியில் வைத்தார். அவள் வலந்தலையில், வலது பக்கத் தோலில், ஒரு தட்டுத் தட்டினாள். கணீரென்று வந்தது. நீங்கள் டீ ஆற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தி, “வந்துடுச்சு” என்றீர்களாம். இதைச் சொல்லும்போது வாத்தியாருக்குக் குரல் கம்மிவிட்டது. முப்பது வருஷமாக எத்தனையோ கச்சேரி வாசித்தவர் அவர். அந்த ஒரு சொல்தான் இந்த வருஷம் தனக்குக் கிடைத்தது என்றார்.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. அவர் டெய்லர். தவில் வாசிக்க வலது கை விரல்களுக்குப் போடும் கூடு, பெரியவர்கள் அளவில் இவள் விரலில் நிற்காது, கழன்று விழும். வாத்தியார் செய்முறை சொல்லித்தர, துணி நாடாவில் பசை தடவி, சுற்றி, காயவைத்து, மகள் விரலுக்கு அளவெடுத்துச் செய்து கொடுத்தார். முதல் இரண்டு தடவை சரியாக வரவில்லை. இப்போது மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்தான் செய்கிறார்.

நாதஸ்வர வாத்தியார் அதிகம் பேசமாட்டார். வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு மூத்த மாணவர்கள் இரண்டு பேரைக் கூட்டிப்போயிருந்தார். மாப்பிள்ளை அழைப்பு முடிந்த சாயங்காலம், தோடி ராகத்தை எடுத்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டார்கள். வாத்தியாருக்கு இது பழக்கம். பையன்களுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்போது மாப்பிள்ளையின் தாத்தா, கைத்தடி ஊன்றி நடந்துபோய் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்து இவர்களுக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டார். தோடி முக்கால் மணி நேரம் போனது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைச் சின்ன வயதில் நேரில் கேட்டவராம் அவர். முடிந்ததும் பையன்கள் இருவரையும் அருகே கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். ஐயா, உங்கள் ஊர்கூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. யாராவது உங்களுக்கு இதைப் படித்துக் காட்டினால், அந்தப் பையன்கள் இரண்டு பேரும் தொழிலை விடவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தங்கை சொன்னது நரசிங்கம்பேட்டைப் பயணம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஆடுதுறை தாண்டி இருக்கிறது அந்த ஊர். 2022ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தியில் எல்லோரும் படித்திருப்பீர்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு நாதஸ்வரம் கையால் கடைந்து செய்வது என்றே தெரியாது. அங்கே ஆசாரி ஒருவர் தன் வேலையை ஒரு நாள் முழுக்க நிறுத்திவிட்டு இவர்களுக்குக் காட்டினார். பழைய வீடுகளை இடிக்கும்போது கழித்துப் போடும் உத்திரத்தையும் தூணையும் வாங்கி வைத்திருந்தார். பச்சை மரம் உதவாது, வருஷக்கணக்கில் காய்ந்து நின்ற மரம்தான் வெடிக்காமல் கடைசலுக்கு நிற்கும் என்றார். அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசுகிற மாதிரி நாதஸ்வரத்தைச் செய்து ராஜரத்தினம் பிள்ளையிடம் கொடுத்த கதையை, நேற்று நடந்தது போலச் சொன்னாராம். கிளம்பும்போது, ஒரு பிள்ளை கேட்டதற்காக, மிச்சமாகக் கிடந்த ஆச்சா மரத் துண்டுகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறார். திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் அதை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டே வந்தார்கள். தங்கைக்கு மனசில் நின்றது அதுதான். இப்போதும் சில புத்தகப் பைகளில் அந்தத் துண்டு கிடக்கிறது.

என் முறை வந்தது. நான் சொன்னது ஒரு அப்பாவைப் பற்றி. அவரே நாதஸ்வரக்காரர், ஆனால் மகளை எங்களிடம் அனுப்ப மாட்டேன் என்று ஒரு வருஷம் சாதித்தவர். “முகூர்த்த நாளை நம்பிச் சாப்பிட்டவன் நான். ஆடியிலயும் மார்கழியிலயும் கடன் வாங்கித்தான் அடுப்பு எரிஞ்சது. என் பொண்ணுக்கு அது வேண்டாம்” என்பார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதனால் நான் வற்புறுத்தவில்லை. அவரோடு பேசியது பள்ளித் தலைமையாசிரியை அம்மாதான். நாதஸ்வரத்தில் பத்மஸ்ரீ வாங்கிய காலீஷாபி மெஹபூப், ஷேக் மெஹபூப் சுபானி தம்பதியின் வாசிப்பைத் தன் போனில் போட்டுக் காட்டி, மாவட்ட அரசு இசைப்பள்ளியின் மூன்று வருஷப் படிப்பைப் பற்றிச் சொல்லி, ஸ்கூல் படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆவணியில் ஒரு விடியற்காலை அந்தத் தெரு வழியாகப் போனேன். வாசல் திண்ணையில் அப்பாவும் மகளும். சீவாளியை எப்படி உதட்டில் வைத்து ஈரமாக்குவது என்று அவர் காட்டிக்கொண்டிருந்தார். அவள் ஊதியதில் வந்தது வெறும் காற்று. “இன்னொரு தடவை” என்றார். மறுபடி காற்று. “இன்னொரு தடவை.” நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை, கூப்பிடவும் இல்லை. தெருமுனை திரும்பும்போது பின்னால் ஒரு கீற்றுச் சத்தம் கேட்டது. தலைமையாசிரியை அம்மா, அந்தச் சத்தத்துக்காக உங்களுக்கு நன்றி.

மாதாமாதம் பணம் அனுப்பும் எல்லோருக்கும், எங்கள் தாழ்வாரத்துத் தகரத்தை மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரருக்கும், ஓசை தாங்காமல் முதலில் சண்டைக்கு வந்து இப்போது ஜன்னலைத் திறந்து வைக்கும் எதிர்வீட்டுப் பாட்டிக்கும் எங்கள் வணக்கம்.

பொங்கல் முடிந்த மறுவாரம் வகுப்பு தொடங்குகிறது. சாயங்காலம் ஐந்தரைக்குச் சுருதிப்பெட்டி போடுவோம். புதிதாகப் பதினோரு பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள், அதில் நாலு பேர் தவிலுக்கு. வழியில் வந்தால் உள்ளே வாருங்கள். டீ எதிர்க்கடையிலிருந்து வந்துவிடும்.

அன்புடன்,
வகுப்பில் வேலை பார்க்கும் ஐந்து பேருக்காக