இரண்டு பாட்டு மலையிறங்கி வரட்டும்: சேலம் ஹார்ட்கோர் பேண்டுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளுக்கும், டிரம்ஸ் அடிக்கும் தங்கச்சிக்கும்,

உங்கள் புது இபி (ஆல்பத்தைவிடச் சின்ன இசைத் தொகுப்பு) கேட்டோம். ஆறு பாட்டு, 9 நிமிடம் 15 விநாடி. "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். அமெரிக்க ஹார்ட்கோர் (படுவேகமான பங்க் ராக்) பேண்டான பிளாக் ஃபிளாக் 1979இல் போட்ட முதல் இபியில் நாலே பாட்டு. ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதே வகைப் பேண்டான மைனர் த்ரெட் 1981இல் எட்டுப் பாட்டைப் பத்து நிமிடத்துக்குள் முடித்தார்கள். நீளத்தில் குறையில்லை. முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் வாசித்தது ஒரே பேண்டா என்று சந்தேகம் வருகிறதே, அதுதான் குறை. ஏழு அங்குல ரெக்கார்டாக அச்சுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்பதால் அதற்குள் சொல்லிவிடுகிறோம்: நாலாவதையும் ஆறாவதையும் சேலத்திலேயே மறுபடி பதியுங்கள். ஐந்தாவதைத் தொடவே தொடாதீர்கள்.

எல்லாம் அறை செய்த வேலை. உறையில் நீங்கள் எழுதியிருப்பதுபோல, முதல் மூன்று ஐந்து ரோட்டுப் பக்கம் தாழ்ந்த கான்கிரீட் கூரையின் கீழ். அடுத்த மூன்று ஏற்காட்டில் ஒரு பழைய பங்களா ஹாலில். உங்கள் வேகப் பாட்டு நிமிடத்துக்கு 208 அடி (தாளத்தின் பீட்). அதில் கால் அடி என்பது 72 மில்லி விநாடி. அந்த ஹாலில் எதிரொலி அடங்க அரை விநாடியாவது ஆகிறது. ஒரு தட்டு ஓயுமுன் கால் அடிக்கு ஒன்றாக ஆறேழு தட்டு அதன்மேல் விழுந்தால் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), பேஸ், கிட்டார் மூன்றும் களியாகத்தான் ஆகும். மிக்ஸில் பிரித்தெடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். எதிரொலி மைக்கிலேயே ஏறிவிட்டது, ஈக்யூவுக்கு (கனத்த, கூரிய ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அது தெரியாது. ஐந்தாவது பாட்டு 80இல் நடக்கிறது. அடிக்கு அடி 750 மில்லி விநாடி. ஒவ்வொரு அடியும் ஹால் முழுக்கச் சுற்றி ஓய்ந்த பிறகே அடுத்தது வருகிறது. இந்த இபியிலேயே ஆகச் சிறந்த சத்தம் அந்த ஸ்னேர் டிரம்தான்.

அதற்காகக் கீழே உள்ள அறை உத்தமம் என்று சொல்லவில்லை. இரண்டாம் பாட்டில் கிராஷ் சிம்பலின் (பெரிய உலோகத் தட்டு) சத்தம் கூரையில் மோதி, போன வேகத்தில் மைக்குக்குத் திரும்பி, கிட்டாரைத் தின்றுவிடுகிறது. முட்டை அட்டை ஒட்டிப் பிரயோஜனமில்லை. இலவம்பஞ்சு மெத்தை இரண்டை டிரம்ஸுக்கு நேர் மேலே, கூரைக்கும் மெத்தைக்கும் ஆறு அங்குல இடைவெளி விட்டுக் கட்டுங்கள். கீழே பவானி ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் கிக் நகராது. மேலே தொங்கும் இரண்டு மைக்கும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணை நம்பாமல் கயிறு பிடித்து அளந்துகொள்ளுங்கள். 34 செ.மீ. பிசகினால் ஒரு மில்லி விநாடி தாமதம். போன் ஸ்பீக்கரில் இரண்டும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்து ஸ்னேர் தகர டப்பாவாகிவிடும். கிட்டாரில் டிஸ்டார்ஷனை முக்கால்வாசிக்கு இறக்கி, இடத்துக்கு ஒருமுறை, வலத்துக்கு ஒருமுறை தனித்தனியாக வாசியுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது.

நாலாம் பாட்டில் பேஸும் கிட்டாரும் சுருதி பிசகி உரசுவதற்கும் மலைதான் காரணமாக இருக்கும். சேலத்து வெயிலில் டியூன் செய்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால், குளிரில் கம்பி சுருங்கி சுருதி ஏறும். எல்லாக் கம்பியும் ஒரே அளவு ஏறாது. பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூன் செய்ய வேண்டும். கண்டென்சர் மைக்குக்கும் அதே கதைதான்: பனிமூட்டத்தில் ஈரம் கோத்தால் பொரிகடலை வறுபடுவதுபோல் பொரியும்.

இனி குரல். பாடும் தம்பியின் தொண்டையில் எங்களுக்குச் சந்தேகமில்லை, எழுத்தை ஒலிக்கும் நேர அளவான மாத்திரையில்தான். ஆறாவது பாட்டின் பல்லவியில் "எங்க வீடு" என்று கத்துகிறீர்கள். காதில் விழுவது "எங்க விடு". வீட்டைக் காலி செய்ய மாட்டோம் என்கிற பாட்டில் இப்படி ஆகலாமா? எல்லா எழுத்துக்கும் அரை அடியே கொடுத்ததால் நெடில் குறிலாகிவிட்டது. இலக்கணம் சொன்ன கணக்கு டிரம்ஸுக்கு அப்படியே பொருந்தும்: குறிலுக்கு அரை அடி, அதாவது 144 மில்லி விநாடி, நெடிலுக்கு ஒரு முழு அடி, மெய்க்குக் கால் அடி. "வீ" முழு அடி நிற்கட்டும். க்க, ட்ட, த்த, ப்ப போன்ற இரட்டிப்பு ஸ்னேரின்மேல் விழும்படி வரியை வெட்டுங்கள். முதல் பாட்டு அதனால்தான் அறைகிறது. மூன்றாம் பாட்டில், மேக்னசைட் புழுதியைப் பற்றி அவ்வளவு நன்றாக எழுதிவிட்டு, வரியைப் "போராடிக்கொண்டிருக்கின்றோம்" என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வினைமுற்று முடிவதற்குள் தங்கச்சி அடுத்த வரிக்குப் போய்விடுகிறாள். பேச்சில் வருவதுபோல் "போராடுறோம்" போதும்.

நாலாவதின் தொடக்கத்தில் வரும் விசைத்தறிச் சத்தம் நல்ல யோசனை, ஆனால் 40 விநாடி அதிகம். தறி 124இல் ஓடுகிறது, பாட்டு 208இல் பாய்கிறது, இரண்டும் ஒட்டவில்லை. சுருதி மாறாமல் தறியை 104க்கு மெதுவாக்கி, 8 விநாடி மட்டும் வையுங்கள். பாட்டு சரியாக இரட்டை வேகத்தில் வந்து உட்காரும்.

மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) ஒன்றே ஒன்று: ஸ்பாட்டிஃபை எப்படியும் −14 லஃப்ஸ் (சத்தத்தின் அளவு) சுமாருக்கு இறக்கிவிடும். நசுக்கி நசுக்கிச் சத்தம் கூட்டினால் ஸ்னேரின் முனைதான் மழுங்கும்.

தறியைக் குறைத்தால் மொத்தம் 8 நிமிடம் 43 விநாடி. 45 சுற்று வேகத்தில் முதல் பக்கம் 1, 2, 3, 4: 4 நிமிடம் 31 விநாடி. இரண்டாம் பக்கம் ஆறாவதை முன்னால் வையுங்கள், ஐந்தாவதைப் பின்னால்: 4 நிமிடம் 12. ரெக்கார்டின் நடுவை நெருங்க நெருங்கச் சிம்பலும் 'ச', 'ஸ' ஒலிகளும் கரகரக்கும். மெதுவான பாட்டுக்கு அந்த இடம் பாதகமில்லை.

இப்படிக்கு,
மேடைக்கு முன்னால் நிற்பவர்கள்