பேக் கம்ப்ரஷன்னா உடனே இன்ஜினைப் பிரிக்கணுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இன்ஜின் ஓடுறப்ப ஆயில் மூடியைத் திறந்து உள்ள இருந்து காத்து அடிச்சா (அதான் பேக் கம்ப்ரஷன்) ரிங் (பிஸ்டனைச் சுத்தி காத்து கசியாம அடைக்கிற வளையம்) போச்சு, இன்ஜின் வேலை பாக்கணும்னு உங்க பேப்பர்ல வண்டி பராமரிப்பு பத்தி வந்த கட்டுரையில ஒரே வரியில முடிச்சிட்டாங்க, படிச்சதும் போன வருஷம் நான் பட்டது ஞாபகம் வந்துடுச்சு, அதான் எழுதுறேன்.

என்னோடது டர்போ டீசல் லாரி. முந்தின நாள் வரைக்கும் நல்லா இழுத்த வண்டி, காலையில ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரத்துல பாத்தா டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற குச்சி) குழாயை விட்டு மேல எழும்பி நிக்குது, இன்ஜினுக்குள்ள சேர்ற காத்தை வெளிய விடுற பிரீதர் குழாய் ஆயிலா கக்குது. மெக்கானிக் மூடியைத் திறந்து கையை வெச்சுப் பாத்தார், "பேக் கம்ப்ரஷன், செட்டு மாத்திடலாம்"னுட்டார், அதாவது பிஸ்டன், ரிங், லைனர் எல்லாத்தையும். எனக்கு மனசு ஒப்பல. ரிங் தேயறதுனா மாசக்கணக்குல தேயும், ஆயில் குறைஞ்சிட்டே வரும், இழுவை போகும், ஒரே ராத்திரியில எப்படி தேயும்? திடீர்னு வந்தா ஒண்ணு உள்ள ஏதோ ஒடைஞ்சிருக்கணும், ரிங் ஒடையறது, டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒழுகி பிஸ்டன் ஓட்டையாகுறது மாதிரி, இல்லைனா காத்து வேற வழியில சம்புக்குள்ள (இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி) வரணும்.

ஒரு சிலிண்டர் மட்டும் போயிருந்தா மூடிகிட்ட புகை விட்டு விட்டு குபுக் குபுக்னு வரும், இன்ஜெக்டரை ஒவ்வொண்ணா டீசல் போகாம கட் பண்ணா கோளாறான சிலிண்டர் வர்றப்ப அது அடங்கும். காமன் ரெயில் வண்டியில (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாய்ல இருந்து டீசல் போற வண்டி) இதுக்காக பைப் நட்டை லூஸ் பண்ணிடாதீங்க சாமி, 1000 பாருக்கு மேல கூட போற பிரஷர், டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும், ஸ்கேனர்ல தான் கட் பண்ணணும். இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்புற டர்போவோட சீல் போனாலும் ஆயில் ரிட்டன் பைப் வழியா காத்து சம்புக்கு இறங்கும், ஐடில்ல சும்மா இருந்துட்டு லோடுல தான் காட்டும். பிரீதர் ஃபில்டர் அடைச்சாலும் உள்ள பிரஷர் ஏறும், அதை முதல்லயே பாத்துடலாம்.

எங்க வண்டியில புகையே இல்ல, வெறும் காத்து. ஏர் டேங்க் ஃபுல்லாகி 'புஸ்'னு விட்டுச்சு பாருங்க, அந்த நிமிஷமே டிப்ஸ்டிக் அடங்கிடுச்சு. பிரேக் அடிச்சு காத்தை இறக்கினா திரும்ப எழும்புது. பிரேக்குக்கு காத்து அடைக்கிற ஏர் கம்ப்ரஸர் தான்! டேங்க் ஃபுல்லானா அது காத்தை அமுக்கறதை நிறுத்திடும், காத்து இறங்கினா திரும்ப அமுக்கும். கழட்டினா அதோட ரிங் மூணு துண்டு. அந்தக் காத்து பூரா இன்ஜினுக்குள்ள தான் இறங்கியிருக்கு. மெக்கானிக் அன்னிக்கு என்கூட பேசவே இல்ல.

இன்னொண்ணு, கட்டுரையில இல்லாததால சொல்றேன். பிரீதர் கக்குற ஆயில், இன்ஜின் காத்து உறிஞ்சுற இன்டேக்குக்குள்ள போற மாதிரி அமைப்பு இருந்தா வண்டி அந்த ஆயில்லயே ஓட ஆரம்பிச்சுடும், சாவியை ஆஃப் பண்ணாலும் நிக்காது, ஆர்பிஎம் ஏறிட்டே போகும். டாப் கியர் போட்டு பிரேக்கை மிதிச்சு கிளட்ச்சை விட்டு நிறுத்தணும், இல்ல ஏர் இன்டேக்கை பலகை வெச்சு அடைக்கணும், கையை வெக்கவே கூடாது. அதையாவது அடுத்த வாரம் ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க.

இப்படிக்கு,
ஒரு லாரி டிரைவர்