எந்த மதகு, யார் திறந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநிலத் தலைவர்களும் மேடையில் பேசும்போது பொருள் தெளிவில்லாத வாக்கியங்களைக் கையாள்வதும், அதனால் எழும் சர்ச்சையின் சுமை எல்லையோர மக்கள் தலையில் இறங்குவதும் மிகுந்த வேதனை தருகின்றன.

'பெரியாறு அணையில் தண்ணீர் திறக்கப்பட்டது' என்ற வாக்கியம் தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஒலித்தால், தேக்கடி தலைமதகு வழியாக முதல் போகத்துக்கு நீர் வருகிறது என்று உழவர் மகிழ்வார். அதே வாக்கியத்தை அணைக்குக் கீழே கேரளத்தில் உள்ள வண்டிப்பெரியாற்றில் கேட்பவர், உபரிநீர் மதகுகளின் ஷட்டர்கள் உயர்ந்துவிட்டன என்று அஞ்சி ஆற்றங்கரை வீட்டைக் காலி செய்ய நினைப்பார். 2021 அக்டோபர் 29 அன்று கேரள அமைச்சர்கள் உடனிருக்க உபரிநீர் ஷட்டர்கள் திறக்கப்பட்டபோது, திறந்தது யார் என்பதே தமிழகத்தில் பெரும் அரசியல் பிரச்சினையாயிற்று. திறந்தவர்கள் தமிழக அதிகாரிகளே என்று அப்போதைய தமிழக நீர்வளத் துறை அமைச்சர் துரைமுருகன் விளக்கம் அளிக்க வேண்டி வந்தது. அணையை இயக்குவது தமிழக நீர்வளத் துறை. அதை எழுவாயாக வைத்து முதலிலேயே உரக்கச் சொல்லியிருந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைந்திருக்கும்.

'நீர்மட்டத்தை உயர்த்தியே தீருவோம்' என்பதும் அத்தகையதே. 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கும் உரிமையை உறுதி செய்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அந்த அளவு எட்டப்பட்டும் விட்டது. 152 அடி என்பதோ பிரதான அணையை ஒட்டிய சிறிய பேபி அணையைப் பலப்படுத்தும் பணிகள் முடிந்து, வல்லுநர்கள் ஆய்ந்த பிறகே வரக்கூடியது. எந்த அளவு, எந்த நிபந்தனை என்று சொல்லாத வாக்குறுதியை இங்குள்ளோர் உரிமை என்றும், கேரளத்தின் இடுக்கியில் உள்ளோர் ஆபத்து என்றும் புரிந்துகொள்கின்றனர். கேரளத் தலைவர்கள் கூறும் 'தமிழகத்துக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு' என்பதிலும் இக்குறை உண்டு: கேரளம் கட்ட விரும்பும் புதிய அணை யார் கட்டுப்பாட்டில் இருக்கும், இந்த அணைக்காக 1886இல் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகை என்னாகும் என்பதற்கு அதில் விடையில்லை.

இவையெல்லாம் வாய்தவறி வருபவை என்று நான் நம்பவில்லை. நாளை 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று பின்வாங்க வசதியாக இருக்கிறது என்பதே காரணம். ஆனால் பதற்றம் முற்றிய 2011 டிசம்பரில் மாநில எல்லையிலுள்ள குமுளிச் சாலை அடைபட்டபோது, ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவந்த தொழிலாளர்கள்தாம் கூலியை இழந்தார்கள். அங்கேயே குடியிருந்த தமிழர் பலர் அஞ்சி இறங்கி வந்தார்கள்.

ஆகவே இத்தகைய பேச்சை வெளியிடும்போது எந்த மதகு, யாருடைய உத்தரவு, எத்தனை அடி ஆகிய விவரங்களையும் தங்கள் நாளிதழ் சேர்த்து அச்சிட வேண்டும். தலைவர் அவற்றைச் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்பதையும் செய்தியிலேயே குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கூடலூர், தேனி மாவட்டம்.