2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே, வணக்கம்.

மருத்துவ ஆய்வுகளைத் தமிழில் சுருக்கி, ஒரு பக்கத் தாளாக அச்சிட்டுப் பினாங்குத் தீவிலும் எதிரே உள்ள பெருநிலத்திலும் கொடுத்துவரும் நம் வட்டம், இவ்வாண்டு ஒரே ஒரு புதிய தாளைத்தான் வெளியிட்டது. முந்திய ஆண்டு ஆறு. ஏன் இப்படிக் குறைந்தது என்று கணக்காய்வாளர் கேட்டார். கேட்க வேண்டியதுதான். காரணம் பெருநிலத்துப் பிறை ஊரில் இருக்கிறது.

மார்ச் மாதம், ஓய்வுபெற்ற தாதியான நம் உறுப்பினர் ஒருவர் அங்கே ஒரு கிளினிக்கிற்குப் போயிருக்கிறார். காத்திருக்கும் இடத்துச் சுவரில் நாம் 2021இல் கொடுத்த கோவிட் மருந்துத் தாள். படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி, “தம்பி, இது நீங்க எழுதுனதுதானே? இன்னும் ஒட்டியிருக்கு” என்றார். புழு மருந்தான ஐவர்மெக்டினால் “சில ஆய்வுகளில் நல்ல பலன் தெரிகிறது” என்று அதில் இருந்தது. எழுதியவன் நான்தான். எழுதிய வாரத்தில் அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பலனுக்குப் பெரிய தாங்கலாக இருந்த எகிப்து ஆய்வின் முன்பதிப்பு (மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் போட்டது) 2021 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதை நீக்கிவிட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டபோது, அதைச் சேர்த்திருந்த, பல ஆய்வுகளின் எண்களை ஒன்றாகக் கூட்டும் தொகுப்பாய்வுகள் ஆட்டம் கண்டன. நம் தாள் மட்டும் பசை காயாமல் அங்கேயே இருந்திருக்கிறது. தேதிகூடப் போடவில்லை என்பது எனக்கு இப்போதும் வெட்கம்.

ஏப்ரல் கூட்டம் முழுவதும் இதிலேயே போயிற்று. ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுத்து எடைபோடுவது மீளாய்வு. புதிய ஆய்வு வர வர உள்ளே சேர்த்து இற்றைப்படுத்திக்கொண்டே இருக்கும் மீளாய்வு என்ற கருத்தை, 2014இல் ஆஸ்திரேலியாவின் ஜூலியன் எலியட்டும் உடன் எழுதியவர்களும் முன்வைத்தார்கள். அதைத் தமிழில் என்ன சொல்வது என்பதற்கே ஒரு மணி நேரம். “வாழும் மீளாய்வு” என்றால் மற்றதெல்லாம் செத்ததா என்று ஒருவர் கேட்டார். பாதி உண்மைதான். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு 100 மீளாய்வுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 23 இரண்டு ஆண்டுக்குள்ளேயே புதுப்பிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டன. 7 வெளியான நாளிலேயே அந்த நிலையில் இருந்தன. நம் தமிழாசிரியர் ஐயா சொன்னதுதான் எனக்குத் தெளிவாக இருந்தது: “இது புத்தகமில்லை. பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் செட்டியார் எழுதிய பேரேடு. அன்றைய வரவை அன்றைக்கே பதியணும்.” பெயர் கடைசியில் “வாழும் மீளாய்வு” என்றே நின்றது.

பேரேட்டைத் திறந்து வைப்பது லேசான வேலையில்லை. தேடல் பெரும்பாலும் மாதாமாதம். வந்த ஒவ்வொரு தலைப்பையும் இருவர் தனித்தனியே பார்த்துச் சலிக்க வேண்டும். அடிக்கடி கூட்டிப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு: பார்க்கப் பார்க்க, தற்செயலாக ஒருமுறை “பலன்” தெரிந்துவிடும். கோவிட் யாருக்கு இருக்கும், யாருக்கு முற்றும் என்று கணிக்கும் கணக்கு மாதிரிகள் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே 2020 ஏப்ரலில் வெளியிட்ட வாழும் மீளாய்வில் 31 மாதிரிகள் இருந்தன. மூன்றாம் புதுப்பிப்பில் 232. ஏறக்குறைய எல்லாமே ஒருபக்கச் சாய்வுக்கு இடம் கொடுப்பவை என்ற முடிவு மட்டும் மாறவில்லை. அத்தனை உழைப்பும் அதே பதிலுக்கா என்று கேட்டால், ஆம், அதற்கும் ஆள் வேண்டும்.

நம் விரிவுரையாளர் உறுப்பினர் ஒருவர் தம் மீளாய்வைப் புதுப்பித்து, முதலில் வெளியிட்ட இதழுக்கே அனுப்பினார். புதுக் கட்டுரையாக அனுப்புங்கள், கட்டணத்தையும் மறுபடி கட்டுங்கள் என்றது இதழ். அவருடைய துறையோ, பழைய கட்டுரைதானே, பதவி உயர்வுக்குக் கணக்கில்லை என்றது. அதே கட்டுரையைத் திருத்திக்கொண்டே போகும் இதழ்களில் வேறு சிக்கல்: எந்தப் பதிப்பைப் படித்தோம் என்று குறிக்காமல் மேற்கோள் காட்டினால், அடுத்து வருபவர் வேறொன்றைப் படிப்பார். இத்தகைய மீளாய்வுகளில் எதை எதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2024இல், மீளாய்வு எழுதுவோர் பின்பற்றும் பிரிஸ்மா என்ற சரிபார்ப்புப் பட்டியலுக்குத் தனி விரிவாக்கம் வந்திருப்பது ஆறுதல்.

இவ்வாண்டின் ஒரே தாள் பாகற்காய் பற்றியது. இனிப்புநீர் (நீரிழிவு) நம் வீடுகளில் இருக்கும் இருப்புக்கு, இதைக் கேட்காத உறுப்பினர் இல்லை. மருத்துவ மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்புக்காக மலேசிய ஆய்வாளர்கள் செய்த மீளாய்வில் 2010இல் 3 பரிசோதனைகள், 350 பேர். 2012 புதுப்பிப்பில் 4 பரிசோதனைகள், 479 பேர். சான்று போதாது என்பதே இரண்டு முறையும் முடிவு. இதையும் மாதாமாதம் பார்க்கலாமே என்று ஒரு தீர்மானம் வந்தது, செயலவை ஏற்கவில்லை. மாதாமாதம் பார்ப்பதென்றால், கேள்வி முக்கியமாக இருக்க வேண்டும், விடை உறுதியற்றதாக இருக்க வேண்டும், புதிய ஆய்வுகள் விரைவில் வரும் என்ற நிலையும் வேண்டும். முதல் இரண்டும் பாகற்காய்க்கு உண்டு. இரண்டு ஆண்டில் ஒரு பரிசோதனை கூடியதை வைத்து மூன்றாவதையும் உண்டு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதும். சமையலில் போட யாரும் தடை சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.

இனி எல்லாத் தாளின் தலைப்பிலும் எழுதிய தேதி, அடுத்துப் பார்க்கும் மாதம், பொறுப்பாளர் பெயர் மூன்றும் இருக்கும். காலம் முடிந்த தாளை எழுதியவரே நேரில் போய் எடுத்து வர வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒன்றை மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன். வெளியீட்டு விழா வைத்தால் மாலை வருகிறது, பொன்னாடை வருகிறது, முதல் பிரதி வாங்க முன்வரிசையில் ஆள் இருக்கிறார். நான்காம் திருத்தத்துக்கு முதல் பிரதி வாங்க ஒருவரும் வருவதில்லை. புதுப்பிப்புக்கென்று தனிக் கணக்கு ஒன்று வேண்டும் என்று செயலவை முன்மொழிகிறது. இன்றே வாக்கெடுப்புக்கு விடுகிறோம்.

2021 தாளை நாற்பது பிரதி அடித்தோம். பதினேழு கைக்குத் திரும்பிவிட்டன. மிச்சத்தை பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கம் எங்கேனும் கண்டால் தயவுசெய்து கிழித்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள்.

நன்றி.

செயலாளர்